வாடைக் காலத்துத் தூண்டில்

தூண்டில் போட்டி என்பது ஒரு நீர்க்கரையை எண்ணிட்ட இடங்களாகப் பிரித்து, எந்த இடம் எவருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்து, எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்தி, இடையில் பிடிபட்ட மீன்களின் மொத்த எடையைக் கொண்டு வெற்றியாளரைத் தேர்வதாகும். இவ்விளையாட்டு ஒழுங்கான விதிகளோடு வளர்ந்த நாடுகளுள் இங்கிலாந்து முதன்மையானது. சால்மன், டிரவுட் போன்ற வகைகளை ஒதுக்கிவிட்டு, ஆறு குளங்களில் வாழும் ரோச், பிரீம், பெர்ச், கார்ப் முதலிய ஏனைய நன்னீர் மீன்களைப் பிடிப்பதே அங்கு நடைபெறும் பெரும்பாலான போட்டிகளின் இலக்கு. அந்நாட்டில் 1906ஆம் ஆண்டு தேசிய அளவிலான குழுப்போட்டி தொடங்கியது. 1957இல் தொடங்கிய உலகப் போட்டியில் இங்கிலாந்தின் பாப் நட் நான்கு முறையும் ஆலன் ஸ்காட்தார்ன் ஐந்து முறையும் தனிநபர் பட்டம் வென்றுள்ளனர். இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, மீன்கள் முட்டையிடும் பருவத்தைக் கருதி, இவ்வகை மீன்களுக்குத் தூண்டில் போடத் தடை இருப்பதால், ஆற்றுப்போட்டிகளின் பெரும்பங்கு இலையுதிர் காலத்திலும் கடுங்குளிரிலும் காற்றிலுமே நடந்தாக வேண்டியிருக்கிறது. குழுக்களுக்கான குளிர்காலத் தொடர்போட்டிகள் அங்கு வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிர் மீனை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிந்தால்தான் இப்போட்டியின் நுட்பம் விளங்கும். மீன் தன் உடல்வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் உயிரன்று. சூழ்ந்துள்ள நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். நீர் குளிரக் குளிர அதன் செரிமானம் மந்தமாகி, தேவைப்படும் உணவு குறைந்து, இரையைத் துரத்திச் செல்லும் விருப்பமும் அற்றுப்போகிறது. நீரானது 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி பெறுவதால், ஆழமான ஏரிகளில் அந்த வெப்பநிலையிலுள்ள நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதக்கிறது. ஆகவே மீன்கள் ஆழத்தை நாடி, நெருங்கிய கூட்டமாக அசைவின்றிக் கிடக்கும். கோடையில் மீனைக் கூட்டுவதற்காகக் கைநிறையத் தீவனம் அள்ளி வீசும் போட்டியாளர், குளிர்காலத்தில் விரல்நுனியில் அடங்கும் சில புழுக்களை மட்டும் இடைவெளிவிட்டுப் போடுகிறார். மிகுதியாகப் போட்டால் அரைவயிறே போதுமான மீன் தீவனத்திலேயே நிறைவடைந்து, கொக்கியிலுள்ள இரையைத் திரும்பியும் பாராது. போட்ட தீவனத்தை மீண்டும் எடுக்கவும் வழியில்லை. கொக்கி சிறுக்கிறது, தூண்டில் நரம்பு மெலிகிறது, இரையும் ஒற்றைப் புழுவாகக் குறைகிறது. ஐந்து மணி நேரத்தில் விரல்நீள மீன்கள் சிலவற்றைச் சேர்த்தவர், ஒன்றுமே பிடிக்காதோர் நடுவில் முதலிடம் பெறுவது அங்கு வியப்புக்குரிய செய்தியன்று.

காற்று உண்டாக்கும் இடையூறு வேறு வகையானது. குளிர் மீனைக் கட்டிப்போடுகிறதென்றால், காற்று மனிதனின் கைகளைக் கட்டிப்போடுகிறது. ரீல் இல்லாத நீண்ட கார்பன் கோல்களைப் பயன்படுத்துவோர் பதினொரு மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் அவற்றை அசையாமல் பிடித்து, தக்கையை ஒரு சாண் வட்டத்துக்குள் நிறுத்தப் பழகியவர்கள். பக்கக்காற்று வலுத்தால் அந்நீளம் முழுவதும் காற்றின் பிடிக்குள் போய்விடுகிறது. அந்நிலையில் தேர்ந்த போட்டியாளர் கோலின் கடைசித் துண்டுகளைக் கழற்றிவிட்டு அருகிலேயே பிடிக்கத் துணிகிறார். ரீல் பயன்படுத்துவோர் செய்வதை நெருங்கிப் பார்த்தால் அதிலும் இதே சிக்கனத்தைக் காணலாம்: எறிந்தவுடன் கோலின் முனையை நீருக்குள் அமிழ்த்தி, விரைவாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால், மேற்பரப்பில் கிடந்த நரம்பு நனைந்து உள்ளே இறங்கிவிடும், அவ்வாறு இறக்காவிட்டால் காற்று அந்நரம்பை வில்லாக வளைத்து, தக்கையையும் இரையையும் மீன் கிடக்கும் இடத்திலிருந்து மெல்ல இழுத்துச் சென்றுவிடும். மேற்பரப்பு நீர் காற்றின் போக்கில் ஓடும்போது அடிநீர் எதிர்த்திசையில் திரும்பி வருவது பல குளங்களில் காணப்படுவதால், ஈயமணிகளைச் சிதறலாகக் கோக்காமல் கொக்கிக்கு அருகில் ஒன்றாகக் கோத்து, அடிநீரின் போக்கோடு இரையை ஒத்துப்போக விடுவதும் வழக்கம்.

இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூரின் வடகரையிலுள்ள உட்லண்ட்ஸுக்கு வந்தால், இத்தகைய குளிர் இல்லை. பூமத்தியரேகைக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி வடக்கே கிடக்கும் சிங்கப்பூரில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. 1934 ஜனவரி இறுதியில் 19.4 டிகிரி பதிவானது இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் காற்று உண்டு. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றைத் தமிழ்நாட்டுக் கடற்கரையோர் வாடை என்றழைத்து, அது வலுக்கும் நாட்களில் வள்ளங்களைக் கரையேற்றி வைத்தனர். அதே காற்று தென்சீனக் கடலைக் கடந்து இத்தீவின் வடகரையை முகத்துக்கு நேராக அடைகிறது. இப்பருவத்தின் முற்பாதி மழைமிக்கது. ஜனவரி பிற்பகுதிக்குப் பின்னுள்ள பிற்பாதி மழை குறைந்து காற்று மிகுந்தது. இடையிடையே வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று திரண்டு பாயும்போது, இரண்டு மூன்று நாட்கள் விடாது மழை பெய்து, பகலிலும் வெப்பம் 22, 23 டிகிரியில் நின்றுவிடுவதுண்டு. மார்கழி, தை மாதங்களில் படகுத்துறையில் நனைந்தபடி நான்கு மணி நேரம் நிற்பவருக்கு அது உடலை நடுக்கும் குளிர்தான். கடல்நீரோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மூன்று டிகிரி அளவே ஏறி இறங்குகிறது; எனவே இங்கு மீனை மந்தமாக்கும் காரணத்தைக் குளிரில் தேடுவது பொருந்தாது.

அதைக் கலங்கலிலும் நன்னீரிலும் நீரோட்டத்திலும் தேடவேண்டும். உட்லண்ட்ஸுக்கும் மலேசியக் கரையிலுள்ள ஜோகூர்பாருவுக்கும் இடையே கிடப்பது ஜோகூர் நீரிணை. அதன் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் கல்லும் மண்ணும் கொட்டிக் கட்டப்பட்டு 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம், பெயரளவில் பாலமே அன்றி உண்மையில் ஓர் அணைக்கட்டு. முன்பு ஒரு வாயில் வழியே புகுந்து மறுவாயில் வழியே வெளியேறிய ஓதநீர், அதன்பின் இருபுறமும் முட்டுச்சந்தில் நுழைந்து திரும்புவதுபோல் வந்து மீள வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் கப்பல்கள் கடக்க விடப்பட்டிருந்த நீர்ப்பூட்டும் 1942இல் பிரிட்டிஷ் படையினர் பாலத்தைத் தகர்த்தபோது அழிந்து, பின்னர் மீண்டும் கட்டப்படவில்லை. இதன் விளைவாக உட்லண்ட்ஸ் கரையில் நீர்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறதே தவிர, நீர் முழுமையாக மாறிப் புதுப்பிக்கப்படுவதில்லை. வாடை மழையில் டெப்ராவ் முதலிய ஜோகூர் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் செம்மண் கலங்கலும் நன்னீரும் விரைவில் வெளியேறாமல் தங்கிவிடுகின்றன. நன்னீர் எடை குறைந்தது ஆகையால் மேலே படர்கிறது. உப்புநீர் அடியில் கிடக்கிறது. உப்பு குறைவதைப் பொறுக்கமாட்டாத மீன்கள் அடிநீரோடு ஒட்டிக்கொள்ள, ஆற்றிலும் கடலிலும் வாழவல்ல கொடுவா போன்றவை கலங்கல் நீருக்கும் தெளிந்த நீருக்கும் இடையிலான எல்லையோரம் வந்து இரைதேடுகின்றன. நீரிணையின் நீர் புதுப்பிக்கப்படாமை எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு 2014, 2015ஆம் ஆண்டுகளில், வாடைப் பருவத்தின் மழை குன்றிய பிற்பாதியில், நுண்ணுயிர்ப் பாசிகள் பெருகிக் கடற்பண்ணைகளில் டன்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தது சான்று. அவ்விழப்பைத் தூண்டில்காரர்களும் நகரவாசிகளும் மறந்துவிடலாகாது.

இந்நிலையில் உட்லண்ட்ஸ் தூண்டில்காரர் பார்க்கவேண்டிய முதல் கருவி கோலன்று, ஓதப்பட்டியல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு சிங்கப்பூரில் மூன்று மீட்டர் அளவுக்கு விரிகிறது. அட்டமியை ஒட்டிய நாட்களில் அது சுருங்கி, நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஓட்டம் உள்ள நாளில் நன்னீர்ப் படலம் விலகி உப்புநீர் உள்ளே வரும் ஏற்றத்தின் நடுப்பகுதியே மீன் கடிக்கும் பொழுதென்று நம்பலாம். எஞ்சிய நேரத்தில் இரை மாற்றுவதும் கோல் மாற்றுவதும் பெரும்பாலும் வீண். வாடை வீசும் மாதங்களில் தென்சீனக் கடலின் நீர் தென்மேற்காகத் தள்ளப்பட்டுக் கடல்மட்டமும் சற்று உயர்வதால், பட்டியலில் குறித்த அளவைவிட நீர் மிகுந்திருப்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவில் பழைய படகுத்துறை புதுப்பிக்கப்பட்டு 2010இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 400 மீட்டர் நீளம் கொண்ட அதன் மீது நின்றால் வாடை நேராக மார்பில் மோதும். எதிர்க்கரை அருகில் இருப்பதால் பேரலை எழுவதில்லை. திறந்த கடலை நோக்கிய கிழக்குக் கடற்கரைப் படகுத்துறைகளோடு ஒப்பிட இது பெரும் வசதி. ஆனால் எதிர்க்காற்றில் இலேசான ஈயத்தை எறிந்தால் அது பாதிவழியில் தளர்ந்து விழ, நரம்பு ரீலில் சிக்கிப் பின்னிக்கொள்ளும். அதனால் கோலைத் தலைக்குமேல் உயர்த்தி எறியாமல் பக்கவாட்டில் தாழ்வாக வீசுவதும், நெடுந்தொலைவை விட்டுத் தூண்களின் ஓரமாகவே இரையை இறக்குவதும் அறிவுடைய செயல். தூண்களில் ஒட்டி வளரும் சிப்பிகளை நாடிச் சிறுமீன்களும், அவற்றை நாடிக் களவாவும் செப்பிலியும் வந்து சேர்வதால், தொலைவில் எறிந்து பெறுவதைவிடக் காலடியில் பெறுவது மிகுதியாக இருக்கக்கூடும். தேக்கா சந்தையிலோ மார்சிலிங் சந்தையிலோ வாங்கிய இறாலை வால்பக்கமாக ஓடுரித்து, கொக்கியின் வளைவுக்கு ஏற்பச் சீராகக் கோத்தால், அது நீரோட்டத்தில் சுழன்று நரம்பை முறுக்காது. கலங்கலில் மீன் கண்ணைவிட மோப்பத்தையே நம்புவதால் இரை புதிதாயிருப்பது இன்றியமையாதது. கெளுத்தியின் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும் நச்சுடையவை. நனைந்து விறைத்த விரல்களால் அவற்றைக் கொக்கியிலிருந்து கழற்ற முற்படுவது ஆபத்து. இடுக்கி கையில் இல்லாதவர் நரம்பை அறுத்துவிடுவதே நன்று.

நன்னீரை விரும்புவோர்க்குக் கிராஞ்சி, லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கங்கள் அருகிலுள்ளன. கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தை 1975இல் அணையிட்டுத் தடுத்து உருவானது முன்னது. இங்கெல்லாம் குறிக்கப்பட்ட கரைப்பகுதிகளில், உயிர்ப்பற்ற செயற்கை இரையைக் கொண்டு மட்டுமே தூண்டில் போடலாம். நீரின் தூய்மையைக் காக்கும் இவ்விதி மிகச் சரியானது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து பெருகிவிட்ட பீக்காக் பாஸும், விராலின் பெரிய உறவான தோமானும் இந்நீர்த்தேக்கங்களின் வேட்டை மீன்கள். காற்றடிக்கும் கரையில் அலை கலக்கும் இடத்தில் சிறுமீன் ஒதுங்குவதால், முகத்தில் காற்று படும் கரையைத் தவிர்ப்பவரைவிட, அதைத் தாங்கிக்கொண்டு நிற்பவர்க்கே பலன் வாய்ப்பதுண்டு.

காற்றையும் மழையையும் தாங்கலாம், மின்னலைத் தாங்கமுடியாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இடி முழங்குகிறது. கார்பன் கோலோ மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஜனவரி, பிப்ரவரியில் மின்னல் ஒப்பளவில் குறைவு. நவம்பரிலும், ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் மழையோடு அது மிகுதி. எந்தப் போட்டியாயினும் முதல் இடியோசையில் கோல்களைக் கீழே வைக்கச் சொல்லும் அதிகாரம் நடுவருக்கு இருக்கவேண்டும், இழந்த நேரத்தை ஈடுசெய்யும் வற்புறுத்தலுக்கு அவர் இணங்கவும் கூடாது. காற்றில் அறுந்த நரம்பைத் துறையிலேயே விட்டுச்செல்வதும் கண்டிக்கத்தக்கது: இதே பருவத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, மேற்கே அண்மையிலுள்ள சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு வரும் உள்ளான் முதலிய கரைப்பறவைகளின் கால்களில் அது சுற்றிக்கொண்டால் அவை மீள்வதில்லை.

சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் தூண்டில் போட்டி என்றால் பெரும்பாலும் கட்டணக் குளங்களில், குறித்த நேரத்துக்குள் மிகப் பெரிய மீனைப் பிடித்தவர்க்குப் பரிசளிப்பது என்றே பொருள்படுகிறது. அம்முறையில் தற்செயலுக்கு இடம் மிகுதி. ஒரே கடியில் வென்றவரைவிட, வாடையின் போக்கை அறிந்து ஐந்தாறு சிறுமீன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தவரின் திறமை மேலானதாயினும் அது கணக்கில் வராது. இங்கிலாந்தின் குளிர்காலப் போட்டிகளில் மொத்த எடையை எண்ணுவதும், மீன்களை நீரில் ஆழ்த்திய நீண்ட வலைப்பைக்குள் உயிரோடு வைத்திருந்து எடையிட்டபின் திரும்ப விடுவதும் இக்குறையை நீக்குகின்றன. எனினும் அதை அப்படியே நீரிணைக்குக் கொண்டுவருதல் தகாது. 28 டிகிரி நீரில் உயிர்வளி குறைவாதலால், மணிக்கணக்கில் வலைப்பைக்குள் நெருக்கப்பட்ட மீன் விடுவித்தபின் பிழைப்பது ஐயம். மாறாக, பிடித்த ஒவ்வொரு மீனையும் நனைத்த அளவுப்பலகையில் மூக்கு முட்டும்படி கிடத்தி, நீளத்தை நடுவர் முன்னிலையில் குறித்து, உடனே விட்டுவிட்டு, எல்லா நீளங்களையும் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்கலாம். பலகை உலர்ந்திருந்தால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் பூச்சு உரிந்து நோய் பற்றும் என்பதால் ஒவ்வொரு மீனுக்கும் முன் அதன்மீது நீர் ஊற்றவேண்டும். எதிர்முள் இல்லாத கொக்கிகளையே அனுமதிக்கவேண்டும். கெளுத்தியையும் திருக்கையையும் பலகையில் கிடத்தாமல், நீர்மட்டத்திலேயே எண்ணிக்கையில் மட்டும் சேர்த்துக் கழற்றிவிட வேண்டும்.