வேலை ஓய்ந்த பிறகு வைத்தியச் செலவுக்கு என்ன வழி?



பிரட்டுக்குப் போகும் வரையில் காய்ச்சல் என்றாலும், காலில் கத்தி பட்டாலும் நேரே டிஸ்பென்சரிக்கு வந்துவிடுகிறீர்கள். வேலை ஓய்ந்ததும் அந்த உரிமை போய்விடுகிறது. அரசாங்க ஊழியருக்குப் பென்சனோடு வைத்தியச் சலுகையும் தொடரும். நமக்கு சேமநிதிப் பணம் ஒன்றுதான். அது கைக்கு வந்த சேதி தெரிந்தால் காப்புறுதி ஏஜண்டு வீடு தேடி வருவார். அவரிடம் கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் நில்லுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, நிபுண டாக்டரிடம் 5 வெள்ளி என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் கட்டணம். இனிப்பு நீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத மருந்து அங்கேயே கிடைக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் டாக்சி காசும், கண் லென்சு, இருதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட் போன்ற சாமான்களின் விலையும்தான் நம்மைக் கடிக்கும்.

இதற்காகவே 2019-ல் சுகாதார அமைச்சு ‘பெக்கா பி40’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை வாங்குகிறவரும் அவர் கணவனோ மனைவியோ 40 வயது ஆகியிருந்தால் இதில் சேர்த்தி. சந்தா ஒரு காசும் இல்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலும் இலவசமாக ரத்தம், சிறுநீர் சோதித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன சாமான்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர்தான் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். ஆகவே சாமானைச் சொந்தக் காசில் வாங்கிவிட்டுப் பிறகு கேட்காதீர்கள். புற்றுநோய் வைத்தியத்தை முடித்தவருக்கு 1,000 வெள்ளியும், போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையிலும் தருகிறார்கள். இத்தனை இருந்தும், எஸ்.டி.ஆர். பணம் வாங்குகிற பலர் இந்தச் சோதனைக்குப் போனதே இல்லை!

இனி காசு கட்டும் காப்புறுதி. ஒரு பெரியவர் பல வருஷம் பணம் கட்டிய கார்டை என்னிடம் காட்டினார். “டிரெசரய்யா, இதை வெச்சு பெரிய ஆஸ்பத்திரியில படுக்கலாம்ல?” என்று கேட்டார். படித்துப் பார்த்தேன். அது வெறும் விபத்துக் காப்புறுதி. விழுந்து அடிபட்டால் பணம் வரும். சிறுநீரகம் பழுதானால் ஒரு காசும் வராது. அவருக்கோ இனிப்பு நீர். என்ன சொல்வது?

ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பது இன்னொரு வகை. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும் ‘மெடிக்கல் கார்டு’ வேறு. உங்களுடையது எது என்று ஏஜண்டிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது.

மெடிக்கல் கார்டிலும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாகப் பணம் கொடுக்கமாட்டார்கள். நோயை மறைத்து எழுதினால் பிறகு பில்லையே தள்ளிவிடலாம். சாதாரண நோய்க்கு வழக்கமாக 30 நாள், ரத்தக் கொதிப்பு, இருதயம் போன்றவற்றுக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும். பழைய கார்டை நிறுத்திப் புதிது எடுத்தால் இந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும், இடையில் வந்த நோயும் ‘பழைய நோய்’ ஆகிவிடும். ஏஜண்டுக்குக் கமிஷன், நமக்கு நட்டம். பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும். 2024 கடைசியில் ஏற்றம் மிஞ்சிப்போகவே, அதைக் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பரப்பும்படி பேங்க் நெகாரா உத்தரவிட்டது. ஆக 60 வயதில் கட்ட முடிகிற தொகையை 70-லும் கட்ட முடியுமா என்று பாருங்கள். பாதியில் விட்டால் அதுவரை கட்டியதும் பயன்படாது. வேலையில் இருக்கும் பிள்ளைகள் சேர்ந்து கட்டுவதானால் யோசிக்கலாம். சேமநிதியை மட்டும் நம்பி எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

இன்னும் 60 ஆகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நோயால் இனி வேலை செய்ய இயலாது என்று டாக்டர் சொன்னால், ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். சொக்சோவில் இயலாமைப் பென்சனுக்கு 60 வயதுக்கு முன்பே மனுச் செய்ய வேண்டும். பாரத்தைப் பூர்த்தி செய்ய மருத்துவ ரிப்போர்ட், அடையாளக் கார்டு, பேங்க் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.