ஒரே மீட்டர், பல யந்திரங்கள்

விருத்தாசலம் பட்டறைகளில் பீங்கான் பொம்மை கொள்முதல் செய்யும் நமக்கு மண் விலை தெரியும். மண் அரைக்கும் பால் மில்லுக்கு ஆகும் கரண்ட் தெரியாது. குத்துமதிப்பாக விலை பேசினால் பட்டறைக்காரருக்கோ நமக்கோ நஷ்டம்தான்.

இதற்கு யந்திரத்துக்கொரு மீட்டர் வேண்டியதில்லை. டிஜிட்டல் மீட்டரில் யூனிட்டுக்கு 3200 என்றிருந்தால், சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். எல்லாம் ஓடுகையில் நிமிடத்துக்கு 120 முறையும், பால் மில்லை மட்டும் நிறுத்தியதும் 40 முறையும் மின்னினால், வித்தியாசம் 80. மணிக்கு 1½ யூனிட். மோட்டார் தகட்டிலுள்ள எச்.பி.யை மட்டும் நம்பலாகாது. பளுவுக்கேற்பக் கரண்ட் மாறும்.

1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் வகுத்த முறைக்கும் இந்த ஏற்ற இறக்கமே அடிப்படை.

பட்டறைக்காரரும் நாமும் சேர்ந்து எண்ணிப் பார்த்து, பிறகு விலை பேசுவோமாக.