தொட்டி மண்ணில் தோன்றும் பூச்சிகள்

அந்தமான் தீவுகளின் தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரத்தின் (2024ஆம் ஆண்டு வரை இதன் பெயர் போர்ட் பிளேயர்) நடுவே அமைந்தது அபர்டீன் பஜார். மணிக்கூண்டைச் சுற்றிக் கடைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கும் இக்கடைத்தெருவில் தரையில் தோட்டம் போட இடம் ஏது? துளசியும் கறிவேப்பிலையும் மிளகாயும் மாடியிலும் வாசற்படியிலும், மண்தொட்டிகளிலும் எண்ணெய்த் தகரங்களிலும் உடைந்த வாளிகளிலுமே வளர வேண்டியுள்ளது. மே மாதப் பிற்பாதியில் மழை தொடங்கிவிட்டால், செடிக்கு நீர் ஊற்றும்போது தொட்டியிலிருந்து கரிய சிறு பூச்சிகள் கூட்டமாக எழுவதைக் காணலாம். கொசு என்று அஞ்சி உடனே மருந்துப் புட்டியைத் தேடுவோர் பலர். அவ்வாறு தேடுவதற்கு முன்னர், அது இன்னதெனக் கண்டறிதல் நன்று.

இதனைப் பூஞ்சைக் கொசு என்பர். தமிழ்நாட்டில் காளான் வளர்ப்போர் நன்கறிந்த 'சியாரிட் ஈ' இதுவே. 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளமும், மெலிந்த நீண்ட கால்களும் உடையது; வலுவாகப் பறக்க இயலாமல் மண்ணின் மேற்பரப்பிலேயே ஓடித் திரியும். இது மனிதரைக் கடிப்பதில்லை. மலேரியாவையோ டெங்குவையோ பரப்புவதுமில்லை.

தீங்கு விளைவிப்பது பறக்கும் பூச்சியன்று, மண்ணுக்குள் இருக்கும் புழுவே. ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளாகிய ஏறக்குறைய ஒரு வாரத்தில் நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை ஈரமண்ணின் பிளவுகளில் இடும். சில நாட்களில் வெளிவரும் புழு, கண்ணாடி போன்ற உடலும் பளபளக்கும் கரிய தலையும் கொண்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் அது பூஞ்சை இழைகளையும் மக்கும் தழைகளையும் தின்று வாழும். அவ்வுணவு குறைந்தாலோ புழுக்கள் மிகுந்தாலோ இளவேர்களைக் கடிக்கத் தொடங்கும். பெரிய செடி இதனைத் தாங்கிக்கொள்ளும், நாற்று தாங்காது. அன்றியும், புழு கடித்த காயத்தின் வழியே நாற்றழுகல் நோய்க்குரிய பூஞ்சைகள் எளிதில் உட்புகும். முட்டை முதல் பூச்சி வரை மூன்று நான்கு வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. ஆதலால் ஒருமுறை மருந்து தெளித்து ஓய்ந்தவர், அடுத்த மாதம் அதே கூட்டத்தை மீண்டும் காண்பதில் வியப்பில்லை.

இப்பூச்சி பெருகுவதற்கு மூலகாரணம் ஈரமேயாகும். அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓயுமுன் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடுவதால், மே முதல் டிசம்பர் வரை தொட்டியின் மேல்மண் உலர்வது அரிது. இத்துடன் இல்லத்து வழக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. அரிசி களைந்த நீர், தேயிலைச் சக்கை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு ஆகியவை செடிக்கு உரமென்று நாள்தோறும் மேலே கொட்டப்படுகின்றன. செடிக்கு அவற்றால் பயன் உண்டாயினும், மக்காத நிலையில் மேற்பரப்பில் கிடந்தால் அவை முதலில் வளர்ப்பது பூஞ்சையை. அடுத்து அதனைத் தின்னும் புழுவை. தீவுகளில் எளிதில் கிடைக்கும் தென்னைநார்க் கழிவும் நீரை நெடுநாள் பிடித்து வைக்கும் இயல்புடையது. அதனை மட்டுமே நிரப்பிய தொட்டியில் இத்தொல்லை மிகுதி.

எனவே முதற் சிகிச்சை நீரைக் குறைப்பதே. விரலை மண்ணில் இட்டு, மேலே இரண்டு அங்குல ஆழம் உலர்ந்த பின்னரே மீண்டும் நீர் ஊற்ற வேண்டும். முட்டையும் இளம்புழுவும் வறட்சியைத் தாங்கமாட்டா. மழைக்காலத்தில் தொட்டிகளைக் கூரைச் சார்ப்பின் கீழ் நகர்த்தி, செங்கல் மீது உயர்த்தி வைத்து, அடித்துளை அடைபடாமல் காத்தல் வேண்டும். தட்டில் நீர் வைத்து அடித்துளை வழியே மண் உறிஞ்சுமாறு செய்வதும் சிறந்த முறை. ஆனால் அரைமணி நேரத்தில் எஞ்சிய நீரைக் கொட்டிவிடாவிட்டால், பூஞ்சைக் கொசுவுக்குப் பதில் உண்மையான கொசுவே அங்கு முட்டையிடும். மேல்மண் மீது மணல் பரப்புமாறு நூல்கள் கூறுகின்றன. தீவுகளில் கடற்கரை மணல் அள்ளுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. உப்பு மிகுந்த அம்மணல் செடிக்கும் ஆகாது. நொறுக்கிய செங்கல் துண்டுகளை அரை அங்குலக் கனத்திற்குப் பரப்பினால் அப்பணி நிறைவேறும்.

புழு உண்டா இல்லையா என அறிய, உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மீது அழுத்தி வைத்து, இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். கருந்தலைப் புழுக்கள் அதன் அடியில் கூடியிருக்கும். பள்ளி ஆசிரியர்கள் இதனை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம்: இரண்டு தொட்டிகளில் ஒன்றுக்கு நாள்தோறும் நீரூற்றி, மற்றொன்றை உலரவிட்டு, வாரந்தோறும் வில்லையின் அடியிலுள்ள புழுக்களை எண்ணச் செய்தால், பாடநூலின் பூச்சி வாழ்க்கைச் சக்கரம் கண்முன்னே நிகழும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைத் தொட்டியருகே நட்டால் பறக்கும் பூச்சிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். எனினும் அதனால் மண்ணிலுள்ள புழு சாகாது.

உலர விடுவதற்கு இயலாத நாற்றுகளுக்கு, 'பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்' என்னும் பாக்டீரியா உதவும். 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட இது, கொசுப்புழு ஒழிப்புக்காக இந்தியாவிலும் உபயோகமாகிறது. புழு இதனைத் தின்றால் குடல் சிதைந்து மடியும். மண்ணில் நெடுநாள் நிலைக்காததால் வாரம் ஒருமுறை, மூன்று வாரம் ஊற்ற வேண்டும். காற்றோட்டம் குறைந்த மாடி வீட்டில், அதுவும் உண்ணும் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும், கடுமையான பூச்சிக்கொல்லி தெளிப்பது பூச்சியைவிடப் பெரிய தீமை.

தொட்டியில் காணும் யாவும் பகையல்ல. தொட்டவுடன் தெறித்துக் குதிக்கும் வெண்ணிறச் சிறு பிராணிகள் மக்கிய தழையைத் தின்பவை, அவற்றால் கேடில்லை. மண்புழு போன்று கருமையாய் நெளியும் புழுப்பாம்புக்கு நஞ்சில்லை. அது எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளை உண்பது. இதில் ஆண் இல்லை. பெண் தனித்தே இனம் பெருக்குகிறது. ஆகவே செடித்தொட்டியின் மண்ணில் ஒளிந்து சென்ற ஒரே பாம்பு ஓர் அயல்நாட்டில் குடியேறப் போதுமானதாயிற்று. ஆங்கிலத்தில் இதற்குப் 'பூத்தொட்டிப் பாம்பு' என்றே பெயர்.

மண்ணோடு பயணம் செய்யும் மற்றொன்றால் வரும் கேடோ மிகப் பெரிது. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சார்ந்த இராட்சத நத்தை, 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது. அந்தமானுக்கு இது 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது வந்ததாகக் கூறப்படுகிறது. அன்றுமுதல் தோட்டப் பயிர்களுக்கும் நாற்றங்கால்களுக்கும் இது ஓயாத தொல்லை. ஒரே தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை மண்ணுக்குள் இடும். கடுகைவிட மிகப் பெரிதாய், வெளிறிய மஞ்சள் நிறத்தில் உள்ள அவற்றை உரக்குருணை என எண்ணி விட்டுவிடுதல் எளிது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் எலி நுரையீரற் புழுவை இந்நத்தை சுமக்கக்கூடும், வெறுங்கையால் தொடலாகாது. ஈரச்சாக்கின் கீழ்ப் பப்பாளி இலைகளை இரவில் வைத்து, காலையில் அங்கே கூடும் நத்தைகளை உறையணிந்த கையால் எடுத்து உப்புநீர் வாளியில் இடுதல் வழக்கம். உப்பைத் தொட்டியிலேயே தூவினால் செடியும் மடியும்.

கப்பலிலும் படகிலும் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குச் செடி அனுப்புவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பழைய மண்ணை முற்றும் உதறி, வேரைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி அனுப்பி, சென்ற இடத்தில் புதுமண்ணில் நடுவதே முறை. அம்மண்ணைத் தூய்மை செய்ய ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களே ஏற்றவை. மண்ணைச் சலித்து, இலேசாக நனைத்து, நாலங்குலக் கனத்திற்கு வெயிலில் பரப்பி, கறுப்பன்று, ஒளிபுகும் பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களைக் கற்களால் அழுத்தி நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். ஈரமண் வெப்பத்தை நன்கு கடத்துமாதலால் புழுவும் முட்டையும் உள்ளேயே வெந்து மடியும். மழை வருமுன் அதனை மூடியுள்ள டிரம்மில் நிரப்பி வைத்தால் அடுத்த நாற்றுக்காலம் வரை உதவும்.