கப்டன் அமெரிக்கா எங்கே போனார்? வன்னி மணிக்கூடு ஏன் அரைமணி பிந்தியது? தெரியுமா?

உலகத்தையே மூன்று மணித்தியாலமும் ஒரு நிமிடமும் கதிரையில் இருத்திவைத்த ஒரு படம். ஏறத்தாழ 280 கோடி டொலர் வசூல். அதன் கடைசிக் காட்சிக்கு என்ன பொருள் என்பதில், படத்தை எழுதியவர்களும் இயக்கியவர்களுமே ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், தெரியுமா?

2019 ஏப்ரல் 26ஆம் திகதி அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வெளியான 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தான் அந்தப் படம். கதையில், 2018இல் வில்லன் தானோஸ் ஆறு அதிசயக் கற்களின் பலத்தோடு விரலைச் சொடுக்குகிறான். பிரபஞ்சத்தின் உயிர்களில் பாதி தூசாகிப் போகிறது. ஐந்து வருடம் கழித்து, மிஞ்சிய வீரர்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் ஆறு கற்களையும் எடுத்துவந்து, இல்லாமற்போனவர்களை மீட்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் கப்டன் அமெரிக்கா, அதாவது ஸ்டீவ் ரோஜர்ஸ், கற்களை எடுத்த இடத்திலேயே வைக்கக் காலப்பயண மெசினில் போகிறார். ஐந்து செக்கனில் திரும்பவேண்டியவர் திரும்பவில்லை. சற்றுத் தள்ளி ஒரு வாங்கில் கிழவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஸ்டீவ்! காதலி பெகி காட்டரோடு ஒரு முழு வாழ்க்கையையும் வாழ்ந்து முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"மச்சான், கிழவன் அந்த வாங்கிலை எப்பிடி வந்து இருந்தவன்? மெசினாலை எல்லோ வந்திருக்கோணும்?"

"எங்கையடா வாறது? இவ்வளவு காலமும் இங்கைதான் இருந்திருக்கிறான். ஒருத்தருக்கும் தெரியேல்லை, அவ்வளவுதான்."

முல்லைத்தீவில் இரண்டு பெடியள் இந்தப் படத்தைக் கதைக்கத் தொடங்கினால் கட்டாயம் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். இதில் அதிசயம் என்னவென்றால், கதையாசிரியர்கள் கிறிஸ்டோபர் மார்க்கஸும் ஸ்டீபன் மக்ஃபீலியும் இரண்டாவது பெடியனின் கட்சி. ஸ்டீவ் இதே உலகத்தின் பழைய காலத்துக்குப் போய், பெகியின் கணவராக அமைதியாக வாழ்ந்து கிழவரானார் என்பது அவர்கள் கருத்து. இயக்கிய அந்தனி ரூசோ, ஜோ ரூசோ சகோதரர்களோ, இல்லை, அவர் வேறொரு காலக்கிளையில் வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்தார் என்றார்கள். ஒரே படம், இரண்டு முடிவு!

இந்தக் 'காலக்கிளை' எங்கிருந்து வந்தது தெரியுமா? உண்மையான பௌதிகத்திலிருந்து! படத்தில் டொனி ஸ்டார்க், அதாவது அயன் மேன், போகிறபோக்கில் 'டொயிச்' என்று ஒரு பெயரைச் சொல்லுவார். அது ஒக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் டொயிச். காலத்தில் பின்னோக்கிப் போகும் பாதை ஒன்று இருந்தால் குவாண்டம் விதிகள் அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்று 1991இல் கட்டுரை எழுதியவர். அவருக்கும் முன்னால், 1957இலேயே ஹியூ எவரெட் என்ற இளைஞர், நிகழக்கூடியது எல்லாமே வெவ்வேறு கிளைகளில் நிகழ்கிறது என்று சொல்லிவிட்டார். படக்குழு கிளிஃபர்ட் ஜோன்சன் என்ற பௌதிகப் பேராசிரியரைக் கூப்பிட்டு ஆலோசனையும் கேட்டது.

பழைய காலப்பயணக் கதைகளில், நீங்கள் போய் உங்கள் தாத்தாவைக் கொன்றால் நீங்களே பிறந்திருக்கமாட்டீர்கள். எண்ட்கேமில் அப்படி இல்லை. இன்னொரு வீரரான ஹல்க் விளக்குவது இதுதான்: நீங்கள் போய்ச் சேரும் பழைய காலம் உங்களுக்கு இனி வரப்போகும் காலம் ஆகிவிடுகிறது, நீங்கள் புறப்பட்ட காலம் உங்களுக்கு முடிந்துபோன ஒன்று, அதை இனி ஒன்றும் செய்யமுடியாது. முத்தையன்கட்டுக் குளத்திலிருந்து புதிதாக ஒரு கிளைவாய்க்கால் வெட்டினால் தண்ணீர் அந்தப் பக்கமும் போகும். ஏற்கனவே பாய்ந்து விளைந்த வயல் விளையாத வயலாக மாறாது. இதற்குப் படமே சாட்சி வைக்கிறது. வீரர்களில் ஒருத்தி நெபுலா. 2014இலிருந்து வந்த பழைய நெபுலாவை 2023இன் நெபுலா சுட்டுக் கொல்கிறாள். தன் இளமையையே கொன்றவள் மறையவேண்டாமா? மறையவில்லை! அப்படியே நிற்கிறாள்! இந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசிச் சண்டை தீர்ந்துவிடும்.

இனி, இந்த ஊர்க்காரர் பலரே மறந்துவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். படத்தில் இல்லை, நிசத்தில், வன்னியில் காலம் பின்னோக்கிப் போயிருக்கிறது, தெரியுமா?

1996இல் இலங்கையில் கடும் மின்தட்டுப்பாடு. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அரசாங்கம் மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரைமணியைக் குறைத்தது. மீதி அரைமணி அப்படியே ஒன்பதரை வருடம் நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியோ அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. பழைய ஐந்தரை மணி வித்தியாசத்திலேயே நின்றது. ஆக, ஒரே தீவில், ஒரே நெடுங்கோட்டில், இரண்டு நேரம்! 2002இல் ஏ-9 வீதி திறந்தபின், வவுனியாவில் எட்டு மணிக்குப் புறப்பட்டு ஓமந்தையைத் தாண்டுகிறவர் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னால் திருப்பவேண்டியிருந்தது. அப்படியே வன்னியைக் கடந்து முகமாலையால் யாழ்ப்பாணத்துக்குள் போனால் மறுபடியும் அரைமணி முன்னால்! ஒரு கூட்டத்துக்கோ கலியாணத்துக்கோ நேரம் குறித்தால், எந்த நேரம், பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டே ஆகவேண்டியிருந்தது. எந்த ஹொலிவூட் கதையாசிரியருக்கும் இது தோன்றியிராது.

இதைவிட நெஞ்சை அடைக்கிற தகவல் ஒன்று. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி கொழும்பும் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. பத்து வருடத்தின் பின் இரண்டு பக்க மணிக்கூடுகளும் ஒன்றாக அடித்தன. நாலு மாதம்கூட முழுதாக ஓடவில்லை, ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு வீதி பூட்டப்பட்டது. நேரம் ஒன்றானது, பாதை இரண்டானது.

படம் வெளிவந்த அந்தக் கிழமையை நினைவிருக்கிறதா? 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து நாடே உறைந்திருந்தது. முகப்புத்தகம், வாட்ஸ்அப், வைபர், யூடியூப் எல்லாம் முடக்கம். ஏப்ரல் 30இல்தான் தடை நீங்கியது. உலகமெங்கும் ரசிகர்கள் முடிவைத் தெரிந்துகொண்டுவிடக் கூடாதென்று கைத்தொலைபேசியை மூடிவைத்துக்கொண்டு திரிந்த அதே நாட்கள்! முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ரூசோ சகோதரர்கள் கடிதமே எழுதியிருந்தார்கள். இங்கேயோ ஆட்கள் தொலைபேசியைத் திறக்கத் துடித்தது, தங்கள் சொந்தபந்தம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய. படம் வந்து 22ஆம் நாள் மே 18. 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் பத்தாம் ஆண்டு நினைவேந்தல்.

படத்துக்கே திரும்பினால், தமிழில் அயன் மேனுக்குக் குரல் கொடுத்தது விஜய் சேதுபதி, வசனம் ஏ.ஆர். முருகதாஸ், தெரியுமா? முந்தைய படங்களின் குரலுக்குப் பழகிய ரசிகர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. தமிழில் கேட்டபோதுதான் ஹல்க்கின் விளக்கம் பலருக்கு முதல்தடவையாக விளங்கியது என்பேன்.

தமிழ்ப் படங்களும் காலப்பயண விதிகளோடு சும்மா விளையாடவில்லை! 2015இல் வந்த ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' கிளைகளை நம்பாத படம். ஒரே கோடுதான்; செத்திருக்கவேண்டிய ரவுடி ஒருவன் தப்பிவிட, அதன் விளைவு கதாநாயகர்களின் சொந்த வாழ்க்கையிலேயே வந்து விழுகிறது. 2016இன் '24' இல் சூர்யாவின் கைக்கடிகாரமே கால இயந்திரம். 2021இல் வெங்கட் பிரபுவின் 'மாநாடு': சிலம்பரசன் சாகச்சாக அதே நாள் திரும்பத் தொடங்குகிறது, இதில் மின்னலடித்ததுபோல ஒரு திருப்பம், எதிரியான எஸ்.ஜே. சூர்யாவும் அதே சுழலில் மாட்டிக்கொள்கிறார்! எண்ட்கேமில்கூட இந்தத் துணிச்சல் இல்லை. இவற்றுக்கெல்லாம் எவ்வளவோ காலத்துக்கு முன், பாகவதத்தில் ககுத்மி அரசன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போகிறான். அங்கே ஒரு பாட்டு முடியும்வரை காத்து நிற்கிறான். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் ஓடிவிட்டது. மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகள் யாரும் இல்லை, அவர்களின் பேரப்பிள்ளைகளும் இல்லை. கடைசியில் ரேவதி பலராமரைக் கைப்பிடிக்கிறாள். இடத்துக்கிடம் காலம் ஒரே வேகத்தில் ஓடாது என்பதை ஐன்ஸ்டைனுக்கு முன்பே கதையாக வைத்திருந்தவர்கள் நாங்கள்.

அப்படியானால் நிசமாகவே காலத்தில் போனவர் உண்டா? உண்டு! ரஷ்ய விண்வெளி வீரர் கெனடி பதல்கா, விண்ணில் மொத்தம் 878 நாட்கள். விண்கலத்தின் வேகத்தில் பறந்ததால் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு அவர் எங்களைவிட எதிர்காலத்துக்குள் போய்விட்டார். முல்லைத்தீவுக் கடலில் மீனவர் கையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியும் காலக்கணக்கில்தான் ஓடுகிறது. மேலே சுற்றும் செய்மதிகளின் மணிக்கூடு நாளுக்கு 38 மைக்ரோசெக்கன் முந்தும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றர் பிசகிப்போகும். வலை போட்ட இடம் வேறு, தேடுகிற இடம் வேறாகும்.

முன்னால் போகலாம். பின்னால்? அங்கேதான் இயற்கை கதவைச் சாத்துகிறது. 1949இல் கூர்த் கோடெல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குள்ளேயே, பிரபஞ்சம் முழுவதும் சுழலுமானால் இறந்தகாலத்துக்குப் பாதை உண்டு என்று காட்டினார். எங்கள் பிரபஞ்சம் அப்படிச் சுழலுவதாகத் தெரியவில்லை. ஸ்டீபன் ஹோக்கிங் ஒருபடி மேலே போய் விருந்தே வைத்தார், தெரியுமா? கேம்பிரிட்ஜில் பலூன் கட்டி, ஷம்பெயின் ஊற்றி, தனியாகக் காத்திருந்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார்; எதிர்காலத்திலிருந்து வரக்கூடியவர்களுக்கு மட்டுமான விருந்து! யாருமே வரவில்லை. அந்த நாள் 2009 யூன் 28. முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து நாற்பத்தொரு நாள். பின்னால் போகமுடியுமா என்று அந்த வருடம் உலகத்தில் யாராவது உயிரைக் கொடுத்துக் கேட்டிருந்தால், அது நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவிலிருந்த இந்த மண்துண்டிலிருந்து வெளியே வந்த சனம்தான்.

ஆகவேதான் எண்ட்கேமில் எல்லோரும் கப்டனைப் பற்றிச் சண்டைபிடிக்க, நான் டொனி ஸ்டார்க் வைக்கும் நிபந்தனையையே பெரிதாக நினைக்கிறேன். அந்த ஐந்து வருடங்களை அழித்துவிட்டு 2018க்கே திரும்பியிருக்கலாமே என்று கேட்கிறார்கள். டொனி அதற்கு உடன்படவில்லை. போனவர்களைக் கொண்டுவாருங்கள், ஆனால் இடையில் நடந்ததை அழிக்காதீர்கள் என்கிறார். ஏனென்றால் அந்த ஐந்து வருடத்துக்குள் அவருக்கு மோர்கன் என்று ஒரு மகள் பிறந்திருக்கிறாள். பின்னால் போய் எல்லாவற்றையும் திருத்தினால் அந்தப் பிள்ளை இருக்கமாட்டாள். வன்னியில் இதை விளக்கவேண்டியதில்லை. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். போனவர்கள் திரும்பவேண்டும், வந்த பிள்ளைகளும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்பது பேராசை இல்லை என்று சொன்ன ஒரு பெரிய படம் இது.

படத்தில் மறைந்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் வரும்; ஸ்கொட் லாங் ஓடியோடித் தன் மகளின் பெயரைத் தேடுவான். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, படையினரிடம் கையளிக்கப்பட்டும் கடத்தப்பட்டும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களோடு போராட வந்து இருந்தார்கள். ஐந்து வருடம் அல்ல, அதைவிட நீண்ட காத்திருப்பு. இலங்கைச் சட்டத்தில் 2016 முதல், ஒருவர் இறந்தார் என்று சொல்லாமல், காணாமல் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் உண்டு, தெரியுமா? இறந்தவரும் இல்லை, இருப்பவரும் இல்லை என்ற நிலைக்கு அரச முத்திரை! தானோசின் உலகத்தில்கூட இதை யாரும் யோசிக்கவில்லை.

சரி, கப்டன் எங்கேதான் போனார்? நான் ரூசோ சகோதரர்களின் கட்சி. எழுத்தாளர்கள் சொல்கிறபடி ஸ்டீவ் இதே உலகத்தில் எழுபது வருடம் வாழ்ந்திருந்தால், நண்பன் பக்கி எதிரிகளின் கையில் வதைபடுவது தெரிந்தும், வரப்போகும் அழிவு அத்தனையும் தெரிந்தும், வீட்டில் பேசாமல் இருந்திருக்கவேண்டும். அநியாயத்தைக் கண்டால் சும்மா இருக்கமுடியாத ஆள் என்றுதானே ஏழெட்டுப் படங்களாகக் காட்டினார்கள்? எல்லாம் தெரிந்திருந்தும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எங்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் ஸ்டீவ் ரோஜர்சைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை. வேறொரு கிளையில் என்றால், அவர் போன முதல் நாளே பக்கியைத் தேடிப் புறப்பட்டிருப்பார்.

சாட்சி கேட்டால் அந்த வாங்கில் இருந்த கிழவரின் கையைப் பாருங்கள். கடைசிச் சண்டையில் தானோஸ் வாளால் வெட்டி வெட்டி ஸ்டீவின் கேடயத்தைப் பாதியாக்கிவிட்டான். கற்களைக் கொடுக்கப் புறப்பட்டபோது ஸ்டீவ் கொண்டுபோனது ஒரு பெட்டியும் தோரின் சுத்தியலும்தான். திரும்பி வந்து நண்பன் சாமிடம் நீட்டிய கேடயத்தில் ஒரு கீறல் இல்லை. இந்த உலகத்துக் கேடயம் உடைந்து கிடக்கிறது என்றால், இது எந்த உலகத்துக் கேடயம்?