லேத்துக்கு ஆயுள் பார்ப்பது

"இருபது லட்சம் போட்டு மிஷின் இறக்கியிருக்கேன். இந்த வருஷமே முழுசையும் செலவுல எழுதிட்டா என்னங்கண்ணா?" கோவைப் பக்கம் புதிதாகப் பட்டறை போட்டவர்கள் மார்ச் மாதம் கேட்கிற கேள்வி இது. உட்காருங்க தம்பி, டீ வரட்டும். இது நின்றுகொண்டு பேசித் தீர்கிற விஷயமில்லை.

அந்த சிஎன்சி லேத் இந்த ஒரு வருஷம் மட்டுமா உங்களுக்குச் சம்பாதித்துத் தரப்போகிறது? பத்து, பன்னிரண்டு வருஷம் உழைக்கும். அதனால் அதன் விலையையும் அத்தனை வருஷத்துக்கும் பிரித்துப் போடுகிறோம். இதுதான் தேய்மானம், ஆடிட்டர் வாயில் டிப்ரிசியேஷன். விலை என்றால் பில் தொகை மட்டுமில்லை. லாரி வாடகை, கிரேன் கூலி, அடியில் போட்ட கான்கிரீட் எல்லாம் சேரும். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டீர்கள் என்றால் அந்தத் தொகை சேராது. ஒரே வரிக்கு இரண்டு பக்கமும் சலுகை வாங்க முடியாதே.

"பேங்க் தவணை மாசாமாசம் கட்டுறேனே, அது செலவு இல்லியா?" அதில் வட்டி மட்டும்தான் செலவு. அசல், வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பது. ஏட்டில் லாபம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. அந்தக் குழப்பத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வருமான வரிக் கணக்கில் யோசிக்க அதிகமில்லை. பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40, மேஜை நாற்காலிக்கு 10. ஒவ்வொரு வருஷமும் மீதி நிற்கும் மதிப்பில்தான் கழிக்க வேண்டும். 20 லட்சம் முதல் வருஷம் 17 ஆகும், அடுத்து 14.45, ஐந்தாம் வருஷ முடிவில் சுமார் 8.87. வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதம்தான். மார்ச் 31 அன்று மரப்பெட்டியைப் பிரிக்காமலே கிடந்தால் அந்தப் பாதியும் இல்லை.

பிரைவேட் லிமிடெட் ஆக இருந்தால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் வரும். பொது இயந்திரத்துக்கு 15 வருஷம், லேப்டாப்புக்கு 3, சர்வருக்கு 6 என்று அதில் ஆயுள் எழுதியிருக்கிறது.

இந்த இரண்டு எண்ணும் ஊருக்கெல்லாம் பொது. உங்கள் மிஷின் எத்தனை வருஷம் ஓடும் என்று இரண்டுக்கும் தெரியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நோட்டும் போட வேண்டும். பலர் இந்த நோட்டைப் போடுவதே இல்லை. என்னைக் கேட்டால் மூன்றில் முக்கியமானது இதுதான்.

எப்படிப் பார்ப்பது? பழைய சாதா லேத் ஒன்றின் பெட்டைத் தடவிப் பாருங்கள். சக் பக்கத்தில் தேய்ந்திருக்கும், கடைசிப் பக்கம் புதிது போலவே இருக்கும். சின்ன ஜாப்களெல்லாம் அந்த ஒரு முழ நீளத்திலேயே ஓடியிருக்கின்றன. அப்படித் தேய்ந்தாலும் மறுபடி கிரைண்டிங் போட்டு அதை ஓட்டிவிடலாம். சிஎன்சி கதை வேறு. இரும்பு நன்றாகவே இருக்கும், கன்ட்ரோலர் போர்டுக்கு ஸ்பேர் வருவது நின்றுவிடும். ஆகவே விற்பனைக்காரரைவிட சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள்: இதற்கு முந்தைய மாடலுக்கு இன்னும் போர்டு கிடைக்கிறதா? பழைய மிஷின் வாங்கி விற்பவரிடம், பத்து வருஷம் ஓடினது என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள். அவருக்கு உங்களை ஏமாற்ற அன்றைக்கு அவசியம் இருக்காது.

விசாரித்ததில் 12 வருஷம், கடைசியில் 2 லட்சம் தேறும் என்று வைப்போம். மீதி 18 லட்சம், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். ஒரு ஷிஃப்ட், 300 நாள், எட்டு மணி நேரம் என்றால் 2,400 மணி. மணிக்கு 62 ரூபாய் 50 காசு மிஷினுக்கே போகிறது. கரண்ட், ஆபரேட்டர் சம்பளம், டூல் எல்லாம் இதற்கு மேல். இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் சீக்கிரம் தேயும். கம்பெனிகள் சட்டமும் அந்தக் காலத்துக்குத் தேய்மானத்தை 50 சதவீதம் கூட்டச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் வருஷத்துக்கு 2.25 லட்சம், ஆயுள் எட்டு வருஷம். ஆனால் மணிகள் 4,800 ஆகிவிடுவதால் மணிக்குச் சுமார் 47 ரூபாய்தான். மிஷின் சீக்கிரம் தேய்கிறதே என்று பயந்து இரண்டாம் ஷிஃப்டை நிறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

போட்ட ஆயுளைக் கல்வெட்டாக வைத்துக்கொள்ள வேண்டாம், வருஷம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒரே ஷிஃப்டில் மூன்று வருஷம் ஓடிய பிறகு மதிப்பு 15.5 லட்சம் நிற்கிறது, அப்போது போர்டு இனி வராது என்று தெரிகிறது, இன்னும் ஐந்து வருஷம்தான் தாங்கும் என்றால் பழைய வருஷங்களைத் திருத்தப் போகாதீர்கள். கடைசியில் தேறும் 2 லட்சம் போக மிச்சமுள்ள 13.5 லட்சத்தை ஐந்தால் வகுங்கள், வருஷத்துக்கு 2.7 லட்சம். மணிக்கு 112 ரூபாய் 50 காசு. அடுத்த கொட்டேஷனிலிருந்து அந்த ரேட்டைப் போடுங்கள். டீ ஆறுது, குடிங்க.