கைவிடப்பட்ட கட்டடங்களும் திருச்சபையின் நினைவும்

கைவிடப்பட்ட கட்டடங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அவற்றின் சிதைந்த அழகிலேயே மனத்தைப் பறிகொடுத்துத் திரும்புகின்றனர். ஆயின், ஒரு கட்டடம் எவ்வாறு வீழ்ந்தது என்பதினும், அது எவ்வாறு எழுந்தது என்னும் வினாவே ஆழமானது. இதனை விளக்க அந்தமானிலுள்ள ராஸ் தீவை எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு முதல் இது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்கப்படுகிறது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர், 1858 மார்ச்சில் அந்தமானில் கைதிகளுக்கான குடியேற்றத்தை நிறுவினர். துறைமுகத்தின் வாயிலிலுள்ள இச்சிறு தீவு அதன் தலைமையிடமாயிற்று. தலைமை ஆணையரின் மாளிகை, நடன மண்டபம், அடுமனை, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றோடு தேவாலயமும் இங்கு எழுந்தது. 1941 ஜூன் 26இல் நேர்ந்த நிலநடுக்கம் இக்கட்டடங்களைச் சிதைத்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் அந்தமானைக் கைப்பற்றினர். போருக்குப் பின் தீவு மீண்டும் தலைமையிடமாகவில்லை. இன்று கூரையிழந்த சுவர்களை மரவேர்கள் இறுகப் பற்றியிருக்கின்றன.

இவ்விடிபாடுகளில் எளிதில் புலப்படாத இரு கூட்டத்தார் உண்டு. முதலாவது, கைதிகள். காட்டை அழித்ததும் சுவர்களை எழுப்பியதும் அவர்களே. நடன மண்டபத்தை எழுப்பிய அதே கட்டாய உழைப்பிலிருந்துதான் ஆராதனைக்குரிய இடமும் உருவாயிற்று.

இரண்டாவது, அத்தீவுகளின் பூர்வ குடிகளாகிய பெரிய அந்தமானியர். 1863இல் குடியேற்றத்தின் குருவானவராயிருந்த ஹென்றி கார்பின், 'அந்தமான் இல்லம்' என்னும் அமைப்பை ராஸ் தீவில் தொடங்கினார். பூர்வ குடிகளைப் பழக்கி நாகரிகப்படுத்துவதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. எனினும், அங்குக் கொணரப்பட்டோர் காவலின்கீழ் வைக்கப்பட்டனர். குடியேற்றத்தாரோடு ஏற்பட்ட தொடர்பினால் புதிய நோய்கள் அம்மக்களிடையே பரவின. 1877இல் தட்டம்மை பலரை மாய்த்தது. ஆயிரக்கணக்கில் இருந்த அவ்வினத்தார், 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்திருந்தனர்.

குருவானவர் தம் பணியை நற்பணி என்றே எண்ணியிருக்கக்கூடும். நம்மை எச்சரிக்க வேண்டியதும் அதுவே. நன்னோக்கம், அதிகாரத்தின் நிழலில் நின்று செயற்படுகையில், தான் இழைக்கும் தீங்கைத் தானே காணாதிருத்தல் கூடும்.

ஆகவே, பழைய சபைகளில் ஊழியம் செய்யும் நாம், நம் ஆலயங்களைக் குறித்தும் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இந்நிலம் யாருடையதாயிருந்தது? இக்கற்களைச் சுமந்தவர் யாவர்? கல்வெட்டில் இடம்பெறாத பெயர்கள் எவை? சபைச் சரித்திரம் எழுதுவோர் நன்கொடையாளர் பட்டியலோடு நின்றுவிடலாகாது. முதியோரின் நினைவுகளையும் பழைய கணக்கேடுகளையும் தேடிப் பார்த்தல் வேண்டும்.

அநியாயத்தால் கட்டப்பட்ட வீட்டுக்கு எதிராக அதன் கற்களே முறையிடும் என்பது ஆபகூக் தீர்க்கதரிசியின் தரிசனம். கூரை வீழ்ந்து பாழான பின்னரே அம்முறையீட்டைக் கேட்க வேண்டுமென்பதில்லை. ஆராதனை நடைபெறும் ஆலயத்திலேயே அதற்குச் செவிகொடுப்பது நம் கடமையாகும்.