மணி அடித்தது ஆலையில், நஞ்சு இருந்தது வீட்டில்!

1984 டிசம்பர் மாதம். அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், லிமெரிக் என்னுமிடத்தில் அணுமின் நிலையமொன்று எழும்பிக் கொண்டிருந்தது. அங்கே பொறியாளராகப் பணியாற்றிய ஸ்டான்லி வாட்ரஸ் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் கதிரியக்கத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவி அலறிற்று. நிலையமோ மின்சாரம் உண்டாக்கத் தொடங்கவேயில்லை! பிறகு இந்த மனிதர் மேல் அது எங்கிருந்து ஒட்டியது?

ஒருநாள் காலை உள்ளே நுழைந்தவர், வேலைக்குப் போகாமல் அப்படியே திரும்பி, வெளியேறும் வழியிலிருந்த கருவியின் முன்னே போய் நின்றார். மணி அடித்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது! ஆலையிலிருந்து வீட்டுக்கல்ல, வீட்டிலிருந்து ஆலைக்கு அதைச் சுமந்து வந்திருக்கிறார் அவர்.

பாயர்டவுன் நகருக்கு அருகிலிருந்த அவரது இல்லத்தைச் சோதித்தார்கள். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 2,700 பிகோகியூரி ரேடான்! அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை, 'இதற்கு மேற்பட்டால் வீட்டைச் செப்பனிடுங்கள்' என்று வகுத்திருக்கும் அளவோ வெறும் 4. மனைவி மக்களோடு 1985 ஜனவரியில் வீட்டைக் காலி செய்தார் வாட்ரஸ்.

ரேடான் யாரோ ஆலைக்காரன் அவிழ்த்துவிட்ட புகையல்ல. பாறையிலுள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து பிறக்கும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேறிய காற்று மேலே எழ, தரை வெடிப்புகளின் வழியே மண்ணிலுள்ள காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதோடு ரேடானும் வருகிறது. அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கிவிடும். இதனால் நுரையீரல் புற்று கண்டு ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் மடிவதாக அத்துறையே கணக்கிட்டிருக்கிறது. புகை பிடிப்பவனுக்கு ஆபத்து இன்னும் பன்மடங்கு.

இதில் இன்னொரு விந்தை! வாட்ரஸ் வீட்டில் இந்த நிலை. அண்டை வீட்டிலோ அளவு மிகக் குறைவு. அடியிலுள்ள பாறை, தரையின் வெடிப்பு, வீடு கட்டிய விதம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற கணக்கு அது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் சோதனைச் சீட்டைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. அவரவர் வீட்டை அவரவர் சோதித்தே ஆகவேண்டும்.

சோதனையும் பெரிய வித்தையல்ல. கரித்தூள் அடைத்த சிறு டப்பா ஒன்று. கதவு சன்னல்களை 12 மணி நேரம் முன்பிருந்தே மூடிவைத்து, குடியிருக்கும் பகுதிகளில் எது கீழ்த்தளமோ அங்கே 2 முதல் 7 நாள் வரை வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். சமையலறை, குளியலறை கூடாது. ஆண்டு முழுவதற்குமான சராசரி தெரியவேண்டுமானால் 90 நாளுக்கு மேல் வைக்கும் கருவியும் உண்டு. அளவு மிகுந்தால் தரையைத் துளைத்துக் குழாய் செருகி, விசிறி கொண்டு கூரைக்கு மேலே வாயுவை வெளியேற்றுகிறார்கள். வாட்ரஸ் வீடும் சீர்செய்யப்பட்டு, அந்தக் குடும்பம் திரும்பி வந்தது.

1988-இல் சட்டமும் இயற்றினார்கள். வீட்டுக்குள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைப் போல் ரேடானற்றிருக்க வேண்டும் என்பது இலட்சியமாம்! ஆனால் தனியார் வீடுகளைச் சோதித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. சொந்த வீடு உடையவன் செலவு செய்து பிழைத்துக் கொள்வான். வாடகைக்குக் குடியிருப்பவன்? டப்பாவை வாங்கி வைக்கலாம், ஆபத்தின் அளவையும் அறிந்து கொள்ளலாம். தரையைத் துளைப்பதற்கோ, வீட்டுக்காரர் மனம் வைக்கவேண்டும்.